ஒன்பதாவது வீட்டுத் தண்ணீர்

பெங்களூரு மர்பி டவுனில் எங்கள் சந்தில் மொத்தம் பதினாறு வீடுகள். முனையிலிருந்து எண்ணினால் எங்களுடையது ஒன்பதாவது. நான் பிறந்ததும் இதே வீடுதான், கல்யாணமாகி வாழ்வதும் இதே வீடுதான். என் கணவர்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்தவர். அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். நான் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளர். கண்ணாடிக் குழாய்களைக் கழுவுவது, கரைசல் தயாரிப்பது, மாணவர்கள் உடைத்ததைக் குறித்துவைப்பது என்று பல வருஷமாக ஒரே வேலை. சந்தில் 'லேப்' என்றால் ரத்தம் எடுக்கிற இடம் என்றுதான் நினைப்பார்கள். சுகர் டெஸ்ட் சீட்டைக் கொண்டுவந்து என்னிடம் விளக்கம் கேட்பார்கள். நான் தெரிந்ததைச் சொல்லுவேன். மற்றதை டாக்டரிடம் கேள் என்பேன்.

ஒருநாள் விட்டு ஒருநாள் காலை ஆறு மணிக்குக் காவேரித் தண்ணீர் வரும். கோடையில் வேகம் குறைந்து, குழாயைத் திறந்தால் பென்சில் கனத்துக்குத்தான் ஒழுகும். அதனால் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் தெருக் குழாயிலிருந்து வரும் பைப்பிலேயே நேராக மோட்டாரை மாட்டி உறிஞ்சிக்கொள்வோம். அது கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். வால்வு திறக்க வருகிற வாட்டர்மேனின் ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் மோட்டாரின் மேல் சாக்கைப் போட்டு மூடுவோம். எங்கள் வீட்டு மோட்டார் சந்திலேயே பெரியது. என் கணவர் அதை வாங்கி வந்த அன்று, மொட்டைமாடித் தொட்டி அரை மணி நேரத்தில் நிரம்பியதை நின்று பார்த்து ரசித்தார்.

இரண்டு கோடைகளுக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பாத்திரம் தேய்க்கும்போது தண்ணீரில் லேசாக ஒரு வாடை. முட்டை கெட்டால் வருமே, அந்த மாதிரி. முந்தின நாள் மழை பெய்திருந்ததால் மண்வாடை என்று நினைத்து விட்டுவிட்டேன். ஆய்வகத்தில் மூக்கை நம்பித்தான் பாதி வேலை செய்கிறேன். அன்றைக்கு வீட்டில் அதை நம்பவில்லை. அந்த ஒரு காலையை நினைத்தால் இப்போதும் எனக்குச் சுருக்கென்று இருக்கும்.

புதன்கிழமை காலைக்குள் நாலைந்து வீடுகளில் வாந்தியும் பேதியும். எதிர்வீட்டு அக்காவின் மகள், ஏழாவது படிப்பவள், மயங்கி விழுந்து ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றும் நிலைக்குப் போய்விட்டாள். என் கணவருக்கும் வயிறு சரியில்லை. எனக்கு ஒன்றுமில்லை, நான் நாள் முழுவதும் கல்லூரித் தண்ணீரைத்தான் குடிக்கிறேன்.

மதியமே குடிநீர் அலுவலகத்துக்குப் போன் செய்து புகார் சொன்னேன். வீடு வீடாகப் போய், கொதிக்கவைக்காமல் ஒரு சொட்டும் வாயில் வைக்காதீர்கள் என்றும் சொல்லிவிட்டு வந்தேன். சாயங்காலம் சந்து முனையில் கூச்சல் கேட்டது. போய்ப் பார்த்தால், முதல் வீட்டு வாசலில் முப்பது பேர் நிற்கிறார்கள்.

முதல் வீட்டில் மூன்று மாதங்களுக்கு முன்னால்தான் ஒரு இளம் தம்பதி குடிவந்திருந்தார்கள். ஒடிசாக்காரர்கள். அவன் பெயின்டிங் வேலைக்குப் போவான். அவள் வீட்டிலிருந்தே துணி தைப்பாள். வயிற்றில் ஐந்து மாதம். அவர்கள் வாசலுக்கு நேரே தரையில்தான் எங்கள் சந்துக்குத் தண்ணீர் திறக்கும் வால்வுக் குழி இருக்கிறது.

எதிர்வீட்டு அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வந்திருந்தாள். தலை கலைந்து, கையில் இன்னும் மருந்துச் சீட்டு.

"திங்கக்கெழம காலைல இவன் அந்த மூடியத் தூக்கிட்டிருந்தத நானே பாத்தேன். எங்கண்ணால பாத்தேன். இன்னாத்தடா போட்ட உள்ள? சொல்லு!"

அந்தப் பையனுக்குத் தமிழ் தெரியாது. கன்னடமும் தெரியாது. ஆனால் தன்னைத்தான் சொல்கிறார்கள் என்பது புரிந்து, கையைக் கும்பிட்டபடி கதவோடு ஒட்டி நின்றான். பின்னால் அவள் அழுதுகொண்டிருந்தாள். யாரோ ஒருவர், "போலீஸ கூப்டாதீங்க, மொதல்ல ரெண்டு போட்டா தானா சொல்லுவான்" என்றார். அதைச் சொன்னவர் நல்ல மனுஷர். வீட்டு விசேஷம் என்றால் எல்லோருக்கும் முன்னால் வந்து நாற்காலி போடுகிறவர். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

எங்களுக்கெல்லாம் அரைகுறை உருது வரும்; இந்தி தெரிந்தவர்களுக்கு அது புரியும். நான் அவளிடம் கேட்டேன்: "மூடி காய்கோ உட்டாயா தும்னே?" எதற்காக மூடியைத் தூக்கினீர்கள்?

அவள் திக்கித் திணறிச் சொன்னாள். மூடி ஒரு பக்கம் சரிந்து கிடந்ததாம். அவள் கால் அதில் தட்டி விழப் பார்த்தாளாம். அதனால் அவன் மூடியைத் தூக்கி, கீழே கல் வைத்துச் சமன் செய்தானாம். நான் அதைத் தமிழில் சொன்னேன். யாரும் நம்பவில்லை.

"நீ அவங்களுக்கு வக்கீலா?" என்றாள் அக்கா.

"இல்லக்கா. நாளைக்கு வியாழன், காலைல தண்ணி வரும். ஒவ்வொரு வூட்டுத் தண்ணியையும் நான் டெஸ்ட் பண்றேன். இங்க ஏதாச்சும் கலந்திருந்தா மொத வூட்டுலயே தெரியும். அதுவரைக்கும் யாரும் அவங்கமேல கை வெக்காதீங்க. நாளைக்கு ஒரு நாள் குடுங்க."

அக்கா என்னை உற்றுப் பார்த்தாள். "உன் லேப்ல இதெல்லாம் பாப்பாங்களா?"

"பாப்பேன்" என்றேன்.

உண்மையில் எங்கள் ஆய்வகத்தில் குடிதண்ணீர் சோதனை வருஷத்துக்கு ஒரு முறை, இரண்டாமாண்டு மாணவர்களுக்கு மட்டும்தான். ஆனால் அதற்கு வேண்டியதை எடுத்துவைப்பது நான்தான். பேராசிரியர் மேடத்துக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். "டெஸ்ட் கிட்டை எடுத்துக்கோங்க. மைக்ரோபயாலஜியில நான் சொல்றேன், பாட்டிலும் தருவாங்க" என்றார். என் கணவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டே என்னை வேனில் கல்லூரிக்குக் கூட்டிப் போய்த் திரும்பினார்.

சோதனை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. குழாய்த் தண்ணீரில் கிருமி வளராமல் இருக்கக் குளோரின் போட்டு அனுப்புவார்கள். சின்னக் குழாயில் தண்ணீர் பிடித்து மருந்தை நாலு சொட்டு விட்டால், குளோரின் இருந்தால் மஞ்சளாகும். வழியில் சாக்கடை கலந்துவிட்டால் அந்த அழுக்கோடு போராடியே குளோரின் தீர்ந்துபோகும். தண்ணீர் நிறம் மாறாது. இன்னொன்று, அடியில் காகிதத் துண்டு போட்ட சின்ன பாட்டில். அதில் தண்ணீர் நிரப்பி ஒரு நாள் வெதுவெதுப்பில் வைத்தால், மலக்கிருமி கலந்த தண்ணீர் மை மாதிரிக் கறுத்துவிடும்.

வியாழக்கிழமை ஆறு மணிக்கு முன்பே வாட்டர்மேன் வந்துவிட்டார். புகார் அவருக்கும் போயிருந்தது. கொள்ளேகால் பக்கத்துக்காரர், வயது ஐம்பதுக்கு மேல். என் கையிலிருந்த பெட்டியைப் பார்த்து, "ஏனு மேடம் இது?" என்றார். சொன்னேன். "சரி, நானூ பர்த்தினி" என்று கூடவே வந்தார்.

முதல் வீட்டிலிருந்து ஆரம்பித்தேன். அந்தப் பெண்ணே குழாயைத் திறந்துவிட்டாள். முதலில் அந்தச் சின்ன பாட்டிலை நிரப்பிக்கொண்டேன்; ஒவ்வொரு வீட்டிலும் அப்படித்தான். நாலு சொட்டு விட்டேன். பளிச்சென்று மஞ்சள். வாசலில் நின்றவர்களுக்குத் தூக்கிக் காட்டினேன். இரண்டாவது வீடு, மஞ்சள். மூன்று, நான்கு, ஐந்து, எல்லாம் மஞ்சள். பின்னால் வந்த கூட்டம் வீட்டுக்கு வீடு பெரிதானது. எட்டாவது வீட்டிலும் மஞ்சள்தான், கொஞ்சம் வெளிறி.

ஒன்பதாவது என் வீடு. நாலு சொட்டு விட்டேன். தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. இன்னும் நாலு சொட்டு விட்டேன். ஒன்றுமில்லை. பத்தாவது வீட்டிலிருந்து கடைசி வரைக்கும் அதே கதை. ஒரே ஒரு வீட்டிலும் மஞ்சள் வரவில்லை.

"ஒம்பத்தனே மனெ ஹத்ர" என்றார் வாட்டர்மேன் மெதுவாக. ஒன்பதாவது வீட்டுப் பக்கத்தில்தான். அவர் உடனே போய் வால்வை மூடினார். "இனி இந்தத் தண்ணி வேணா. டேங்கர் கேக்கறேன்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி தமிழில் சொன்னார்.

எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. பதினோரு வருஷங்களுக்கு முன்னால் வீட்டை இடித்துக் கட்டியபோது, பழைய இரும்புக் குழாயை விட்டுவிட்டுப் புது கனெக்‌ஷன் வாங்கினோம். பழைய குழாயை மெயின் பைப்பிலேயே துண்டித்து அடைக்க வேண்டும். அதற்கு ரோட்டைத் தோண்ட வேண்டும், அனுமதி வாங்க வேண்டும். நாங்கள் கூட்டிவந்த பிளம்பர், "எதுக்கு மேடம் அவ்ளோ வேல?" என்று, வாசலுக்கு வெளியே குழாயை அறுத்து, வாயில் ஒரு மரக்கட்டையை அடித்து இறுக்கினார். கட்டை மேல் சுற்றத் துணி கேட்டார். என் பழைய சேலையைக் கிழித்துக் கொடுத்தது நான்தான். அதற்குப் பக்கத்திலேயே சாக்கடைக் குழி. பிறகு மேலே சிமென்ட் பூசி, ஜாதிமல்லித் தொட்டி வைத்தோம்.

கட்டை மக்கியிருக்கும். தண்ணீர் வேகமாக வரும்போதெல்லாம் வெளியேதான் கசிந்திருக்கும்; யாருக்கும் தெரியாது. கோடையில் வேகம் குறைந்து, வீட்டுக்கு வீடு மோட்டார் உறிஞ்சும்போது, குழாய் வெளியிலிருந்தும் உறிஞ்சும். அதிலும் எங்கள் மோட்டார்தான் பெரியது.

அன்று காலை பத்து மணிக்குக் குடிநீர் அலுவலகத்தில் ஜூனியர் இன்ஜினியர் மேடத்தைப் பார்த்தேன். சின்ன வயது. முதலில் ஏதோ கூச்சல் போட வந்தவள் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது, கோப்பிலிருந்து நிமிரவில்லை. நான் பதினாறு வீட்டின் வரிசையையும் எழுதிய காகிதத்தை மேசையில் வைத்தேன். வீடு, நேரம், நிறம். அவர் அதைப் படித்தார். திரும்பவும் முதலிலிருந்து படித்தார்.

"நீங்க எங்க வேலை மாடுத்தீரி?" கன்னடமும் தமிழும் கலந்து கேட்டார். சொன்னேன். "இந்த மாதிரி யாரும் எழுதிக் கொண்டு வந்ததே இல்லை. நாளைக் காலைல ஆளோட பர்த்தினி. எட்டுக்கும் ஒம்பதுக்கும் நடுவுல தோண்டோணா."

பழைய குழாயைப் பற்றி அவரிடம் அப்போதே சொல்லியிருக்கலாம். நாக்கு வரைக்கும் வந்தது. வீட்டில் கலந்து பேசாமல் சொல்லக்கூடாது என்று ஒரு சாக்கு கண்டுபிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

சாயங்காலம் கணவரிடம் சொன்னேன். அவர் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். கரண்டியைக் கீழே வைத்தார்.

"எப்படியும் நாளைக்குத் தோண்டப் போறாங்க. கெடச்சா கெடைக்கட்டும். நீ எதுக்கு வாயத் தொறந்து சொல்ற? பழைய பைப்பு, யாருதோ என்னவோன்னு போயிடும்."

"அந்த மொத வூட்டுப் புள்ளய ரெண்டு போடணும்னு சொன்னாங்கல்ல. அவங்களுக்கு யாரு பதில் சொல்றது?"

"டெஸ்ட்லதான் அவங்க வூட்டுத் தண்ணி சுத்தம்னு வந்திடுச்சே."

"வந்திடுச்சு. ஆனா இன்னும் அக்கா என்ன சொல்லுது தெரியுமா? நடுவுல வந்து ஏதோ பண்ணிட்டான்னு சொல்லுது. ஒருத்தன்மேல சந்தேகம் வந்துட்டா டெஸ்ட் மட்டும் பத்தாது."

அவர் கஞ்சியை முடிக்கவில்லை. எழுந்து போய் ஜாதிமல்லித் தொட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

வெள்ளிக்கிழமை கல்லூரிக்குப் போகாமல், ஆய்வக நண்பரிடம் போனில் கேட்டேன். முந்தின நாள் கல்லூரியில் கொடுத்து, வெதுவெதுப்பான இன்குபேட்டர் பெட்டியில் வைத்த பதினாறு பாட்டில்களில் முதல் எட்டும் தெளிவு. மற்ற எட்டும் கறுப்பு. அவர் அனுப்பிய படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஜீப் வந்துவிட்டது. இன்ஜினியர் மேடம், வாட்டர்மேன், கடப்பாரையோடு மூன்று பேர். சந்தே வாசலில் நின்றது. ஒடிசாத் தம்பதியும் தள்ளி நின்றார்கள். முந்தின நாள் ஆஸ்பத்திரியில் எதிர்வீட்டு அக்காவின் மகள் கண்ணைத் திறந்து இட்லி கேட்டாளாம். அந்தத் தெம்பில் அக்காவும் வந்திருந்தாள்.

இன்ஜினியர் மேடம் தெரு நடுவில் சுண்ணாம்பால் கோடு போடப் போனார். நான் தொண்டையைச் செருமினேன். அதற்குள் என் கணவர் முன்னால் போய்விட்டார்.

"மேடம், ரோட்ட எல்லாம் ஒடைக்க வேணாம். இங்க தோண்டுங்க." ஜாதிமல்லித் தொட்டியை இரண்டு கையாலும் நகர்த்தினார். "பழைய கனெக்‌ஷன் எங்களுது. வூடு கட்டுறப்போ கட்டை அடிச்சு மூடினோம். தப்பு எங்களுது." பிறகு சந்துப் பக்கம் திரும்பி, முதல் வீட்டுப் பையனைக் கையால் காட்டினார். "அந்தத் தம்பி ஒண்ணும் பண்ணல. அவருக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

எங்கள் கல்யாணத்தில் இத்தனை வருஷமாக அவர் எனக்கு வாங்கித் தந்தது எத்தனையோ இருக்கிறது. அந்த வாசலில் அவர் சொன்ன அந்த வார்த்தைகளுக்கு எதுவும் ஈடாகாது. ஜுரம் வந்தவர் மாதிரி முகம் சிவந்திருந்தது. ஆனால் தலை குனியவில்லை.

இரண்டடி தோண்டியதும் துருப்பிடித்த குழாய் தெரிந்தது. கட்டை இருந்த இடத்தில் கறுப்பாக நார் நாராக ஏதோ ஒட்டியிருந்தது. என் சேலைக் கரையின் ஒரு துணுக்கு மட்டும் அடையாளம் தெரிந்தது. சாக்கடைக் குழியின் சுவர் விரிசல்விட்டு, குழாயின் வாய் அந்த ஈரத்துக்குள்ளேயே கிடந்தது. நாற்றம் தாங்காமல் எல்லோரும் ஒரு எட்டுப் பின்னால் போனோம்.

எதிர்வீட்டு அக்கா மட்டும் முன்னால் வந்தாள். "இந்தச் சாக்கடையையாடி எம்பொண்ணு குடிச்சா?" என்றாள். சத்தமாகக்கூட இல்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை என்றிருந்தது. "ஆமாக்கா" என்றேன். வேறு எதுவும் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அவள் திரும்பி வீட்டுக்குள் போய்விட்டாள்.

அன்றைக்கே பழைய குழாயை மெயின் பைப்பில் அறுத்து, இரும்பு மூடி போட்டு அடைத்தார்கள். சாக்கடைக் குழிச் சுவரையும் பூசினார்கள். மெயின் பைப்பில் குளோரின் தண்ணீரை விட்டு, ஊறவைத்து, அலசினார்கள். வேலை முடிந்ததும் இன்ஜினியர் மேடம் எல்லோரையும் கூப்பிட்டார்.

"இது ஒந்து ஓட்டை. மண்ணுக்குள்ள இன்னும் எத்தனை விரிசல் இருக்குதோ, யாருக்கும் கொத்தில்லா, தெரியாது. நீங்க மோட்டார் போட்டு இழுத்தா, தண்ணி மட்டும் வராது. பக்கத்துல என்ன இருக்குதோ அதுவும் வரும். ரெய்டு பண்ணி எடுத்துட்டுப் போகலாம். நானு பேடா, வேணான்னு சொன்னேன். நீங்களே கழட்டுங்க."

யாரும் அசையவில்லை. மோட்டார் இல்லாமல் கோடையில் மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏறாது. என் கணவர் ஸ்பானரை எடுத்துக்கொண்டு வந்து, அத்தனை பேர் பார்க்க எங்கள் மோட்டாரைக் கழற்றினார். தரையில் ஒரு சின்ன சம்ப் தொட்டி கட்டி, தண்ணீர் தானாக அதில் விழுந்த பிறகு, அங்கிருந்து மாடிக்கு ஏற்றுகிற மாதிரி மாற்றிக்கொண்டோம். அந்த வாரத்தில் மூன்று வீடுகள் கழற்றின. இரண்டு மாதத்தில் பதினொன்று. இரண்டு வீட்டில் இன்னும் சாக்கு போட்டு மூடுகிறார்கள். யாரென்று சந்துக்கே தெரியும். நான் அவர்களிடம் மாதத்துக்கு ஒரு முறை கேட்கிறேன்; அவர்கள் மாதத்துக்கு ஒரு முறை அடுத்த மாதம் என்கிறார்கள்.

எதிர்வீட்டு அக்கா ஐந்து வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு முதல் வீட்டுக்குப் போனாள். கையில் பிரியாணிப் பாத்திரம். மன்னிப்பு என்ற வார்த்தை அவள் வாயிலிருந்து வந்ததா என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஒடிசாப் பெண்ணுக்கு வலி எடுத்த அன்று ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனது அக்காதான். அந்த ஐந்து வாரம் கழித்து என்னோடு அவள் பேசிய முதல் பேச்சு, "மோட்டார் கழட்டறதுக்கு உன் வூட்டுக்காரர அனுப்பு" என்பது.

அன்றிலிருந்து தண்ணீர் வருகிற ஒவ்வொரு காலையும் சந்தில் சோதனை நடக்கிறது. நான் முதலில் தனியாகத்தான் செய்தேன். இப்போது முதல் வீட்டுப் பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே தன் குழாயில் பார்க்கிறாள், நான் நடுவில் பார்க்கிறேன், கடைசி வீட்டில் ஒரு ரிட்டயர்டு அங்கிள் பார்க்கிறார். மூன்று பேரும் போனில் நிறத்தைப் படமெடுத்து அனுப்பிக்கொள்வோம். வால்வுக் குழிக்கு வாட்டர்மேன் புது மூடி போட்டுப் பூட்டும் போட்டார். அதைப் பூட்டும்போது ஒடிசாக்காரனைக் கூப்பிட்டு, "நோடு தம்பி, யாரானும் கை வெச்சா எனக்குப் போன் மாடு" என்று சைகையும் காட்டித் தன் நம்பரைக் கொடுத்தார்.

போன கோடையில் பக்கத்துச் சந்திலிருந்து நாலு பெண்கள் என்னைத் தேடி வந்தார்கள். எல்லோர் கையிலும் வீட்டுத் தண்ணீர், ஜாம் பாட்டிலிலும் ஊறுகாய் பாட்டிலிலுமாக. "வாடை ஒண்ணும் இல்ல. சும்மா பாத்து வெச்சுக்கலாம்னு" என்றார்கள். பாட்டிலில் கொண்டுவந்தால் சரியாக வராது, குழாயடியிலேயே பார்க்க வேண்டும் என்று சொல்லி, மறுநாள் காலை நானே போனேன். பதினான்கு வீடு. பன்னிரண்டில் மஞ்சள். கடைசி இரண்டில் நிறமே இல்லை. வால்வை மூடச் சொல்லி, இன்ஜினியர் மேடத்துக்கு வரிசையை எழுதி அனுப்பினேன். அன்று மத்தியானமே தோண்டினார்கள். ஒரு வேப்ப மரத்தின் வேர் குழாய் இணைப்பைப் பிளந்து வைத்திருந்தது.

அந்தச் சந்தில் ஒருவருக்கும் வயிறு வலிக்கவில்லை. யாரும் யாரையும் வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்கவில்லை. குழியை மூடிய பிறகு அந்தப் பெண்கள் எனக்கு டீ கொடுத்தார்கள். அவர்களில் ஒருத்தி, "நீங்க எந்த லேப்ல டாக்டரு?" என்று கேட்டாள். டாக்டர் இல்லை, கல்லூரியில் கண்ணாடிக் குழாய் கழுவுகிறவள் என்று சொன்னேன். சொல்லும்போது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.